கையில் அழுக்குப் படாதவர்கள்

"என் ஒரு மணி நேரத்துக்கு நூறு யூரோ. சுவரில் ஓட்டை போட நான் ஏன் ஒரு சனிக்கிழமையை வீணாக்கணும்?" மியூனிக்கில் நம் ஐடி ஆட்கள் கூடும் எந்த விருந்திலும் இந்தக் கணக்கு ஒருமுறையாவது வந்துவிடும். நானும் ஏழெட்டு வருடம் இதைச் சொல்லித் திரிந்தவன்தான். கணக்கு தப்பு. அந்தச் சனிக்கிழமையை யாரும் நம்மிடமிருந்து நூறு யூரோவுக்கு வாங்குவதில்லை. அன்று நாம் கிரிக்கெட் பார்க்கிறோம்.

ஜெர்மனியில் வாடகை வீடு பெரும்பாலும் மொட்டையாகத்தான் கைக்கு வரும். சமையலறையில் குழாய் முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சீலிங்கில் மூன்று வயர்கள் தொங்கும், விளக்கு இருக்காது. குடிவருகிறவர் மருத்துவரானாலும் பேருந்து ஓட்டுநரானாலும் ஏணியில் ஏறித் தானே மாட்டிக்கொள்வது இங்கே சாதாரணம். நம் வீடுகளில் புத்தக அலமாரி இரண்டு வருடமாகச் சுவரோடு பிணைக்கப்படாமல் நிற்கிறது. பிள்ளை பிடித்து ஏறினால் மேலே சாயும். அது தெரிந்தும் "ஆள் வரணும்" என்று காத்திருக்கிறோம்.

எனக்குப் பாடம் எடுத்தது ஃபிளஷ் தொட்டி. இரவெல்லாம் தண்ணீர் கசிந்த சத்தம். பழுதுபார்க்கும் நிறுவனம் மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்றது. பக்கத்துத் தெருவில் இருக்கும் ஈழத்து அண்ணன் ஒருவர் வந்தார். "தம்பி, முதல்ல தண்ணியப் பூட்டும். பிறகு கழட்டும்." சுவரிலிருந்த பொத்தான் பலகையைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன வால்வை என்னையே மூட வைத்தார். அடியில் இருந்த ரப்பர் வளையத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. மியூனிக் தண்ணீர் அப்படி. சிட்ரிக் அமிலத்தில் அரைமணி நேரம் ஊறப்போட்டுத் திரும்ப மாட்டினோம். சத்தம் நின்றது.

அன்றே இன்னும் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தார். பிளக் பாயிண்டுக்கு நேர் மேலேயோ நேர் பக்கத்திலோ துளை போடாதே, வயர் அந்த வழியாகத்தான் போகும். விளக்கு மாட்டுமுன் ஃபியூஸை இறக்கு, இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பார். பழைய கட்டடத்தில் வயரின் நிறத்தை நம்பாதே. கேஸிலும் மின் அடுப்பு இணைப்பிலும் கை வைக்காதே, அதற்கு உரிமம் பெற்றவரைக் கூப்பிடு. காட்டுக்குள் தனியாக மரவீடு கட்டி வீடியோ போடுகிறவர்களின் தற்சார்பு மேல் எனக்குப் பெரிய மோகம் கிடையாது. அவர்களுடைய ரம்பமும் யாரோ ஒருவரின் தொழிற்சாலையில் செய்ததுதான். நான் கேட்பது மிகச் சின்னது: நம் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரியாமல் போனதற்குக் காரணம் நேரமில்லாமை அல்ல. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது வீட்டுக்குக் கட்டில் செய்ய ஆசாரி வந்தார். மரச்சுருள் வருவதைப் பார்த்த ஆசையில் இழைப்புளியைக் கையில் எடுத்தேன். பாட்டி பிடுங்கிக் கீழே வைத்தாள். "அது அவங்க வேலைடா. உனக்குப் படிப்பு வரும்." ஆசாரிக்குத் தண்ணீர் கொடுக்கும் டம்ளர் கொல்லைப்புறத்தில் தனியாக இருந்தது. அந்த டம்ளரும் என் நூறு யூரோக் கணக்கும் ஒரே வீட்டுச் சாமான்கள். அதே வீட்டில் அம்மா குக்கர் கேஸ்கட் மாற்றினாள், ஸ்டவ்வுக்குத் திரி போட்டாள், தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் விட்டாள். அதையெல்லாம் யாரும் திறமை என்று சொன்னதில்லை. குக்கர் கேஸ்கட்டுக்கும் ஃபிளஷ் தொட்டியின் ரப்பர் வளையத்துக்கும் என்ன வித்தியாசம்?

உடனே ஒரு நண்பர் குலக்கல்வியை நினைவூட்டுவார். ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த அந்தத் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. பெரியாரும் திமுகவும் எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் அதைக் கைவிட்டார். அந்தப் போராட்டம் முழுக்கச் சரி. ஆனால் அங்கே அநீதி 'அப்பன்' என்ற சொல்லில் இருந்தது, 'தொழில்' என்ற சொல்லில் அல்ல. சலவைத் தொழிலாளியின் மகள் வழக்கறிஞரானதில் பாதி நடந்தது. வழக்கறிஞரின் மகன் தன் துணியைத் தானே துவைப்பது மீதிப் பாதி. அதை நாம் தொடவே இல்லை. கடல் தாண்டி வந்தும் தொடவில்லை.

நான் சுவரில் தட்டி இறக்கும் சாம்பல் நிற நைலான் டூவலை 1958இல் உருவாக்கியவர் ஆர்தர் ஃபிஷர். பல்கலைக்கழகம் போகாதவர், இரும்புப் பட்டறையில் தொழில் பழகியவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர். ஜெர்மனி ஒன்றும் சமத்துவச் சொர்க்கமல்ல. பவேரியாவில் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரித்து அனுப்புகிறார்கள், அதை நான் வெறுக்கிறேன். ஆனாலும் இங்கே தச்சருக்கு மரியாதை உண்டு. தச்சு வேலைப் பயிற்சிக்குப் போன தமிழ்ப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பெற்றோர் ஊருக்குப் போன் செய்யும்போது "இன்டீரியர் டிசைன் படிக்கிறான்" என்கிறார்கள். அவன் அதே அறையில்தான் உட்கார்ந்திருப்பான்.

எங்கள் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், மாதத்தில் ஒரு வகுப்பைக் கைவேலைக்கு ஒதுக்கலாம் என்றேன். "இதுக்கா பிள்ளைங்கள தமிழ் ஸ்கூலுக்கு அனுப்புறோம்?" என்றார் ஒருவர். ஆமாம், இதற்கும்தான். திருப்புளி, மரை, கொறடு, ரசமட்டம், தூக்குக்குண்டு: இவற்றில் எத்தனை சொற்கள் நம் வாயில் மிஞ்சியிருக்கின்றன? ஆத்திசூடியை மனப்பாடமாக ஒப்பிக்கும் என் மகளுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. எனக்கே ரசமட்டம் என்ற சொல் நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

மூன்று குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருக்கின்றன. டிரில் மெஷின் என்னுடையது, ரசமட்டம் அந்த அண்ணனுடையது. மகனையும் கூட்டி வாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"அவனுக்குச் சோதனை வருது தம்பி."