மண்ணுக்குரியது மண்ணுக்கே

சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் பல்லாண்டுகளாய்க் குவிந்த குப்பைமேடுகள், நிலத்திற்குத் திரும்பியிருக்க வேண்டிய செல்வத்தை நாம் நெருப்புக்கு இரையாக்கிய அவலத்திற்குப் பிரத்தியட்ச சாட்சிகளாகும். கோயம்பேட்டுச் சந்தையில் கழிக்கப்படும் வாழைமட்டையையும் முட்டைக்கோஸ் இலையையும் சாணக்கரைசல் தெளித்து அடுக்கி, ஈரங்காத்து, காற்றுப்புகப் புரட்டிவந்தால், சில மாதங்களில் அவை மண்வாசம் வீசும் கரிய எருவாக மாறும். ஆனால், கண்ணாடிச் சில்லும் பேட்டரியும் கலந்த எருவை இயற்கை விவசாயம் செய்யும் எவரும் தம் வயலில் இடத் துணியார். ஈரக்குப்பை, உலர்குப்பை, அபாயகரமான கழிவு ஆகியவற்றை உண்டாகும் இடத்திலேயே பிரிக்கும்படி 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பணித்தது இதனாலேயே. அவ்வாறு பிரித்துக் கொடுப்பது குடிமக்களின் தர்மமெனில், பிரித்ததை மீண்டும் ஒரே லாரியில் கொட்டாமல், நல்லெருவாக்கி நியாய விலையில் விவசாயிகளுக்குச் சேர்ப்பிப்பது உள்ளாட்சி மன்றங்களின் தட்டிக்கழிக்கவொண்ணாக் கடமையாகும்.