கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு எந்தக் கணினி?

பிள்ளைக்குப் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்துவிட்டால், தோட்டத்து வீட்டில் அடுத்த பேச்சு மடிக்கணினியைப் பற்றியதே. அது ஆடம்பரம் என்று ஒதுக்கிய காலம் மலையேறிவிட்டது. பாடக்குறிப்பு அதில்தான் வருகிறது. கட்டுரையை அதில்தான் எழுதி அனுப்ப வேண்டும். ஆகவே வாங்கத்தான் வேண்டும். ஆனால் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளிக்கு உயர்ந்தது. ஒரு மாத உழைப்பை அப்படியே விழுங்கும் ஒரு சாமானைக் கடைக்காரரின் வாய்ப்பேச்சை நம்பி வாங்கலாமா?

நமது கருத்தை ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். புத்தம் புதிய மலிவுக் கணினியைவிட, கம்பெனிகள் உபயோகித்துக் கழித்த உயர்ந்த ரகக் கணினியே மேல். "படிக்கப் போகிற பிள்ளைக்குப் பழைய சாமானா?" என்று சிலர் முகம் சுளிப்பர். அவர்கள் காரணத்தையும் கேட்கட்டும்.

மிக மலிவான புதுக் கணினிகள் பலவற்றில் நினைவகம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. விண்டோஸ் 11 ஓடுவதற்கு இதற்குக் குறைந்து முடியாது என்று மைக்ரோசாப்ட் வைத்த எல்லையே அதுதான்! கஞ்சி குடித்து உயிர் வாழலாம். மரம் வெட்டப் போக முடியுமா? சில மாதத்தில் இடம் நிரம்பிவிடும். கூட்டிக் கொள்ளலாம் என்றால், எல்லாம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். குறைந்தது 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இல்லாத எதையும் தொடவேண்டாம்.

லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் போன்றவை அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்டவை. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் மொத்தமாக மாற்றிவிடுவதால் அவை கடைக்கு வருகின்றன. திருகாணியைக் கழற்றிப் பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் மாற்றலாம். உதிரிச் சாமானும் கிடைக்கும். மூன்று ஆண்டு டிப்ளோமாவுக்கு நமக்கு வேண்டியது இந்த உழைப்புதான்.

இதிலும் சூது உண்டு. "ஐ7, ஐயா, ஐ7!" என்பார் கடைக்காரர். ஐ7 என்பது மட்டும் ஒன்றையும் சொல்லாது. அதன் பின்னுள்ள எண்ணைப் பாருங்கள். இன்டெல் ரகத்தில் 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 6600 என்றால் ஆறாம் தலைமுறை. எட்டுக்குக் கீழுள்ளவற்றை, மிகச் சில நீங்கலாக, விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பேட்டரி அறிக்கையையும் கடையிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். செய்தபோது இருந்த கொள்ளளவும் இன்றுள்ள கொள்ளளவும் அதில் தெரியும். பாதியாகக் குறைந்திருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். கூச்சம் வேண்டாம்.

வாங்குமுன் கல்லூரியையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. இயந்திரப் பொறியியல் மாணவருக்கு சாலிட்வொர்க்ஸ் வேண்டியிருக்கலாம். அது விண்டோஸில்தான் ஓடும், குரோம்புக்கில் ஓடாது.

நாம் மிகவும் அஞ்சுவது தவணைக் கடனைத்தான். 2,000 வெள்ளிச் சாமானை மாதம் 110 வெள்ளியாக 24 மாதம் கட்டினால் 2,640 வெள்ளி ஆகிறது. அதிகமாகப் போகும் 640 வெள்ளிக்குப் பிள்ளை எத்தனை மாதம் விடுதியில் சாப்பிடலாம்! கணினி வாங்கினால் வருமான வரியில் கழிவு உண்டு என்றும் விளம்பரம் செய்கிறார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் உள்ளவர்க்கு அது உதவும். பால்மரம் வெட்டுகிறவர்க்கு என்ன உதவும்?

ரசீதில் மாடல் பெயர், தொடர் எண், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வாய்மொழி உத்தரவாதம் கடை வாசலோடு சரி. சாமான் கெட்டு, கடைக்காரர் கையை விரித்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும். வக்கீல் வேண்டியதில்லை, மனுக் கட்டணம் 5 வெள்ளி. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும். அதைப் பிள்ளையோடு விடுதிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.