முதலில் குழந்தை சீட், பிறகுதான் கார்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்பதுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன். "அதில் என்ன செய்யப் போகிறீர்கள்?" பையனின் பாடத்திற்கா, கடைக் கணக்கு எழுதவா, வீடியோ எடிட்டிங்கிற்கா? முதலில் சாப்ட்வேரை முடிவு செய்யுங்கள், அதற்கேற்ற ஹார்ட்வேரைப் பிறகு தேடுங்கள் என்பேன். இது நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்த விதிதான். ஆனால் வீட்டுக்குக் கார் வாங்கும்போது இதை மறந்துவிடுகிறோம். மறந்தவர்களில் நானும் ஒருவன்.

சென்ற ஆண்டு அவிநாசியில் அக்கா வீட்டில் கார் வாங்கினார்கள். "மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லோணும்" என்றார் மாமா. நானும் உற்சாகமாக எக்ஸெலில் ஒரு பட்டியல் தயாரித்தேன். விலை, மைலேஜ், டிக்கியின் கொள்ளளவு, சர்வீஸ் சென்டர் தூரம், மறுவிற்பனை மதிப்பு என்று பதினான்கு காலம்கள். அக்காவுக்கு நான்கு வயதுப் பெண்ணும் பத்து மாதப் பையனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்று அந்தப் பட்டியலில் ஒரு காலம் கூட இல்லை.

கார் வந்த பிறகு இரண்டு குழந்தை சீட் வாங்கினோம். பையனின் சீட் பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் வகை. அதை வைத்ததும் முன்சீட்டை முன்னே தள்ள வேண்டியதாயிற்று. மூட்டுவலி உள்ள அக்காவின் மாமியாரால் அங்கே காலை மடக்கி உட்கார முடியவில்லை. பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவிலும் அவருக்கு இடம் போதவில்லை. "நாமெல்லாம் கொழந்தைய மடியில வெச்சுட்டுப் போகலையா? இதென்ன கட்டிப் போட்டுக் கூட்டீட்டுப் போறது?" என்றார் அவர். பையனின் சீட் பரணுக்குப் போனது. அக்கா பையனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

ஒருநாள் கோவை செல்லும் வழியில், தெக்கலூர் அருகே முன்னால் சென்ற லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. மாமா பிரேக்கை அழுத்தினார். எதன் மீதும் மோதவில்லை. ஆனால் அக்காவின் கையிலிருந்த பையனின் நெற்றி டேஷ்போர்டில் இடித்துப் புடைத்துவிட்டது. அது வெறும் பிரேக்தான். மோதியிருந்தால்?

உங்கள் கம்ப்யூட்டரில் கால்குலேட்டரைத் திறந்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் மோதி 0.1 விநாடியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ஐ 3.6 ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். அதை 0.1 ஆல் வகுத்து, மீண்டும் 9.8 ஆல் வகுங்கள். ஏறத்தாழ 14 வரும். அதாவது 10 கிலோ குழந்தையை அந்த நொடியில் பிடித்து நிறுத்துவது, 140 கிலோவைத் தாங்குவதற்குச் சமம். கிட்டத்தட்ட மூன்று சிமெண்ட் மூட்டை. எந்தத் தாயின் கையாலும் முடியாது. பாசம் வேறு, இயற்பியல் வேறு.

முன்சீட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல் கார்களுக்கும், பின்னர் ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும், ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டிலும் ஏர்பேக் கட்டாயம் ஆக்கப்பட்டது. பெரியவர்களைக் காப்பாற்றும் அதே ஏர்பேக், கண் இமைக்கும் நேரத்திற்குள் விரிந்து மடியில் இருக்கும் குழந்தையைத் தாக்கும். ஏர்பேக் இயங்கும் சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டையும் பொருத்தவே கூடாது.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஆனால் அபராதத்திற்குப் பயந்து செய்யும் காரியமா இது?

எனவே கார் வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஷோரூமுக்குப் போவதற்கு முன் கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம் உட்காருங்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, ஸ்டார். விளம்பரத்தில் '5 ஸ்டார்' என்று பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பெரியவர்களின் பாதுகாப்புக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தனித்தனி மதிப்பீடு உண்டு. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் டாடா நெக்ஸான் பெரியவர்களுக்கு 5 ஸ்டார் பெற்றது. குழந்தைகளுக்குக் கிடைத்தது 3 தான். 2024 பிப்ரவரியில் புதிய நெக்ஸான் இரண்டிலும் 5 பெற்றது. 2023 அக்டோபர் முதல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் திட்டம் இருக்கிறது. அதில் குழந்தைகள் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். இதில் 12, குழந்தை சீட்டுகளைக் காரில் பொருத்திப் பார்ப்பதற்கு மட்டும். நீங்கள் பார்க்கும் காரின் அறிக்கையை இன்டர்நெட்டில் தேடிப் படியுங்கள். இது கட்டாயச் சோதனை அல்ல என்பதால் எல்லா கார்களுக்கும் அறிக்கை இருக்காது.

இரண்டாவது, ஐசோபிக்ஸ். இதைக் காரின் யு.எஸ்.பி. போர்ட் என்று சொல்லலாம். சீட்டின் முதுகும் அடியும் சேரும் இடுக்கில், 280 மி.மீ. இடைவெளியில் இரண்டு இரும்புக் கொக்கிகள் இருக்கும். குழந்தை சீட்டை அதில் 'கிளிக்' என்று மாட்டிவிடலாம். எந்தெந்த இருக்கையில் இது இருக்கிறது என்று பாருங்கள். ஏழு பேர் அமரும் வண்டி வாங்குபவர்கள் மூன்றாவது வரிசையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பல வண்டிகளில் அங்கே இது கிடையாது. ஐசோபிக்ஸ் இல்லாத பழைய கார் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வரும் பெல்ட் இருந்தால், அதில் பொருத்தும் சீட்டுகளும் கிடைக்கின்றன.

மூன்றாவது, மேனுவல். கார் கம்பெனிகளின் தளங்களில் ஓனர்ஸ் மேனுவல் பி.டி.எப். பைலாகக் கிடைக்கும். டவுன்லோட் செய்து, கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தி, 'சைல்ட் ரெஸ்ட்ரெயின்ட்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். எந்த இருக்கையில் எந்த வகை சீட் பொருந்தும் என்ற அட்டவணை வரும். பெரும்பாலும் ஆங்கில எழுத்து 'யு' இருந்தால் பொதுவான சீட் பொருந்தும், 'எக்ஸ்' இருந்தால் அங்கே பொருத்தக் கூடாது. அட்டவணைக்குக் கீழேயே எழுத்துகளின் விளக்கமும் இருக்கும்.

இவை எல்லாம் முடிந்த பிறகு, கம்ப்யூட்டரால் செய்ய முடியாத ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குழந்தை சீட்டை ஷோரூமுக்கே எடுத்துச் சென்று காரில் மாட்டிப் பாருங்கள். வீட்டில் வழக்கமாகப் பயணம் செய்யும் எல்லோரையும் உட்கார வையுங்கள். விற்பனையாளர் என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுப்பது நீங்கள்தான்.

"கொஞ்ச வருஷத்துக்காக இவ்வளவு பார்க்கணுமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு காரைப் பல ஆண்டுகள் வைத்திருக்கிறோம். நம் குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும் காலம் முழுவதும் அதில்தான் போகிறார்கள். மறுவிற்பனைக்கு யோசிக்கும் நாம் இதற்கு யோசிக்கக் கூடாதா?

அக்கா வீட்டில் காரை மாற்ற முடியவில்லை. டேப் வைத்து அளந்து, நீளம் குறைந்த வேறு சீட் ஒன்றைத் தேடி வாங்கினோம். இப்போது மாமியார் முன்னால் வசதியாக உட்காருகிறார். அக்கா இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்கிறாள். முதலில் வாங்கிய சீட் இன்னும் பரணில்தான் இருக்கிறது. நான் போடாமல் விட்ட அந்தப் பதினைந்தாவது காலத்திற்கு நாங்கள் கொடுத்த விலை அது. பையனின் நெற்றிப் புடைப்போடு போயிற்று. நீங்கள் எக்ஸெலைத் திறக்கும்போது அதை முதல் காலமாகப் போட்டுவிடுங்கள்.