இரு மாநில ஆசிரியர், ஒரு தாய்

சென்ற மாதம் மாந்தோப்புக் குத்தகையைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த ஆசிரியர் ஒருவர், கடிதத்தின் கடைசி வரியில் ஒரு வினாவைத் தொடுத்திருந்தார். "பாலக்காட்டு மாவட்டத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவனுக்கு மருத்துவக் காப்பீடு நன்றா, கோயமுத்தூர் மாவட்டத்துப் பள்ளியில் வேலை பார்ப்பவனுக்கு நன்றா?" என்பதே அவ்வினா. நம் முதலமடையில் அண்ணன் இப்புறமும் தம்பி அப்புறமும் ஆசிரியராக இருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆகையால் இம்மாதம் அவ்வினாவுக்கே இப்பக்கத்தை ஒதுக்குகின்றோம்.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர். நமக்குக் காப்பீடு என்று தனியாக ஒன்றில்லை. உடம்புக்கு வந்தால் பாலக்காட்டு ரயில்வே மருத்துவமனையே கதி. ஆகவே இவ்விஷயத்தில் நாம் கட்சிக்காரர் அல்லர். கணக்கெழுதிப் பழகிய கை என்பது ஒன்றே நமக்குள்ள தகுதி.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுவோம். சம்பந்தப்பட்டவர்களின் இசைவோடு, பெயரையும் ஊரையும் மறைத்தே எழுதுகின்றோம்.

சகோதரர் இருவர். மூத்தவர் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் ஆசிரியர். இளையவர் பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியர். தாயார் மூத்தவரோடு இருப்பவர். ஓய்வூதியமோ வேறு வருமானமோ இல்லாதவர். 2024ஆம் ஆண்டு ஆடி மாதம் இளைய மகனின் குழந்தைக்குக் காது குத்து என்று போன இடத்தில், கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இளையவர் தாயாரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்று தம் காப்பீட்டு அட்டையை நீட்டினார். "இதில் உங்கள் தாயார் இல்லையே!" என்றனர். அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னார். அண்ணன் தம் அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தால், அதிலும் இல்லை. "உனக்குத்தான் 5 லட்சம் என்றாயே, அம்மா அதில் இருப்பாள் என்று நான் எழுதாமல் விட்டேன்" என்றார் அண்ணன். "நீ கூட வைத்திருக்கிறாய், நீ எழுதியிருப்பாய் என்று நான் இருந்தேன்" என்றார் தம்பி. இரண்டு சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் நடந்துகொண்டிருக்க, தாயாரின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. அதன்பின் சில மாதங்கள் சகோதரர் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

இவர்களில் குற்றம் யாருடையது என்று ஆராய்வது நம் நோக்கமன்று. இருவரும் லட்சத்தைக் கேட்டார்கள், சீட்டைப் படிக்கவில்லை. அச்சீட்டில் உள்ளதைத்தான் இங்கே விரித்துரைக்கப் போகின்றோம்.

நம் நாட்டில் ஒரு மாநிலத்துக்குள் மாவட்டத்துக்கு மாவட்டம் இச்சலுகை மாறுவதில்லை. காசர்கோட்டு ஆசிரியருக்கு உள்ளதே பாலக்காட்டு ஆசிரியருக்கும். கன்னியாகுமரிக்கு உள்ளதே கோயமுத்தூருக்கும். அமெரிக்காவிலோ பள்ளி மாவட்டம் என்பதே தனி ஆட்சி அலகு. அங்கே பல இடங்களில் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் ஆசிரியர் சங்கத்தோடு பேரம் பேசிக் காப்பீட்டை முடிவு செய்கின்றது. அடுத்தடுத்த ஊர்களில் வேலை பார்ப்பவர் வேறுவேறு சந்தா செலுத்துவர். நமக்கு அந்தச் சிக்கல் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியில்தான் தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1 முதல் இப்புறம் ஒரு சட்டம், அப்புறம் ஒரு சட்டம்.

தமிழ்நாட்டுக் கணக்கை முதலில் பார்ப்போம். அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2021 ஜூலை 1 முதல் நான்காண்டுக்கென வகுக்கப்பட்டது. யுனைடெட் இந்தியா நிறுவனம் அதை ஏற்றது. முன்னைய 2016ஆம் ஆண்டுத் திட்டத்தில் மாதம் ரூ. 180 ஆக இருந்த பிடித்தம் ரூ. 300 ஆயிற்று. குடும்பத்துக்கு நான்காண்டுகளும் சேர்த்து ரூ. 5 லட்சம், குறிப்பிட்ட சில கொடிய நோய்களுக்கு ரூ. 10 லட்சம் வரை. ஓய்வு பெற்றவர்க்கு வேறு திட்டம். 2022 ஜூலை முதல் அதற்கு மாதம் ரூ. 497 பிடித்தம்.

கேரளத்துத் திட்டத்துக்கு மெடிசெப் என்று பெயர். 2022 ஜூலை 1இல் தொடங்கியது; முதற்கட்டத்தை ஓரியண்டல் நிறுவனம் நடத்தியது. அரசுப் பள்ளி ஆசிரியர், அரசுச் சம்பளம் பெறும் உதவிபெறும் பள்ளி ஆசிரியர், ஓய்வு பெற்றவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே திட்டம்; முதற்கட்டத்தில் மாதம் ரூ. 500. அப்போது ஆண்டுக்கு ரூ. 3 லட்சம். அதில் ஒன்றரை லட்சம் செலவழியாவிட்டால் அவ்வாண்டோடு கழிந்துவிட்டது. மற்ற ஒன்றரை லட்சத்தை மூவாண்டுத் தவணைக்குள் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்ல முடிந்தது. 2025 ஆகஸ்டில் கேரள அமைச்சரவை இரண்டாம் கட்டத்துக்கு இசைவளித்தபோது ஆண்டு வரம்பை ரூ. 5 லட்சமாக உயர்த்த முடிவு செய்தது. சந்தாவும் அதற்கேற்ப உயர்வதாயிற்று.

இனிக் கணக்கிடுவோம். தமிழ்நாட்டு ஆசிரியர் 48 மாதங்களில் செலுத்தியது ரூ. 14,400. கேரள ஆசிரியர் முதற்கட்டத்தின் 36 மாதங்களில் செலுத்தியது ரூ. 18,000. "5 லட்சம் பெரிதா, 3 லட்சம் பெரிதா?" என்று சிறு குழந்தையைக் கேட்டாலும் 5 என்றே சொல்லும். ஆனால் அந்த 5 லட்சம் நான்காண்டுக்கு. ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஒன்றேகால் லட்சமே தேறும். இந்த 3 லட்சமோ ஆண்டுதோறும். ஒரே ஆண்டில் பெருநோய் ஒன்று தாக்கினால் முழுத்தொகையையும் உடனே எடுத்துக்கொள்ளும்படி இருந்த தமிழ்நாட்டுத் திட்டம் கைகொடுக்கும். ஆண்டுக்கு இருமுறை படுக்கையில் விழும் நோயாளி வீட்டில் இருந்தால் கேரளத் திட்டம் கைகொடுக்கும். எது நன்று என்பதற்கு உங்கள் வீட்டு நோயே விடை சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இரண்டுமே படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானவை. மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இரத்த அழுத்த மாத்திரைக்கும் இவற்றை நம்பியிருக்கலாகாது.

அடுத்தது, நாம் தலையாயதாகக் கருதுவது: குடும்பம் என்றால் யார்? தமிழ்நாட்டுத் திட்டத்தில் மணமான ஊழியருக்குக் குடும்பம் என்பது மனைவி அல்லது கணவர், மக்கள் ஆகியோரே. மணமாகாதவராயின் பெற்றோரும் அடங்குவர். தாலி கட்டிய மறுநாள் தாயும் தந்தையும் சீட்டிலிருந்து இறங்கிவிடுகின்றனர்! மெடிசெப்பிலோ ஊழியரையே முற்றிலும் சார்ந்து வாழும் பெற்றோருக்கு, அவர் மணமானவராயினும், இடமுண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கும் தடையில்லை. இது தெரிந்திருந்தால் நாம் மேலே சொன்ன மூத்தவர், தம்மோடு வாழும் தாயாரின் பெயரை முதல்நாளே எழுதிக் கொடுத்திருப்பார்.

இதில் வியப்பொன்று உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் ரூ. 1,20,000க்கு மிகாத குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், சார்ந்து வாழும் பெற்றோரும் குடும்பத்தில் சேர்வர். கூலி வேலை செய்பவரின் தாய்க்கு உள்ள இடம், மாதச் சந்தா செலுத்தும் ஆசிரியரின் தாய்க்கு இல்லை. தாயைத் தெய்வம் என்று கரும்பலகையில் எழுதிப் போடும் ஆசிரியருக்கு இது மனத்தை வருத்தாதிருக்குமா?

மூன்றாவது, மருத்துவமனை. பணம் கட்டாமல் சிகிச்சை பெறுவது பட்டியலில் உள்ள மருத்துவமனையில்தான். மெடிசெப் முதற்கட்டத்தில், பட்டியலில் இல்லாத இடத்தில் சேர்ந்து பின்னர்ப் பணம் கேட்பது மாரடைப்பு, பக்கவாதம், வாகன விபத்து போன்ற அவசர நிலைகளுக்கே பொருந்தியது. கிணற்றடியில் வழுக்கி விழுவது அதில் சேராது. இது எல்லையில் வாழும் நமக்குப் பெரிய செய்தி. பரம்பிக்குளம் நம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்கே போகும் மோட்டார் சாலை ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகின்றது. அங்குள்ள பள்ளியில் பணிபுரிபவர் நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால், கையில் கேரள அட்டை, கண்ணெதிரே பொள்ளாச்சிப் பாதை. பொள்ளாச்சியிலும் கோயமுத்தூரிலும் தம் அட்டையை ஏற்கும் மருத்துவமனைகள் எவை என்பதை அவர் நோய் வருமுன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அட்டையே இல்லாதவரையும் மறத்தல் தகாது. நாட்கூலிக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் மதிய உணவு சமைக்கும் அம்மையாரும் இதே பள்ளியில்தான் இருக்கின்றனர். ஆயினும் மெடிசெப்பில் அவர்களுக்கு இடமில்லை. தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கேரளத்தில் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை உதவுகின்றது. அதில் பெயருண்டா என்று அவர்களுக்குப் பார்த்துச் சொல்லும் கடமை, உடன் பணிபுரியும் நிலையான ஆசிரியர்களுடையது.

ஆகவே, வினாத் தொடுத்த நண்பருக்கு நம் விடை இது. தொகையை ஒப்பிடாதீர், குடும்பத்தை ஒப்பிடுங்கள். பெற்றோரை உடன் வைத்திருப்பவருக்கு இப்புறமே மேல். பெருநோய் அச்சம் உள்ளவருக்கு அப்புறத்தின் 10 லட்சம் ஓர் ஆறுதல். தமிழ்நாட்டு அரசு, சற்று மிகுதியான சந்தா வாங்கிக்கொண்டேனும் மணமான ஆசிரியரின் பெற்றோரைச் சேர்க்க வேண்டும். கேரள அரசு, கிழக்கு எல்லையில் வாழ்வோருக்காகப் பொள்ளாச்சி, கோயமுத்தூர் மருத்துவமனைகளை இன்னும் மிகுதியாகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டையும் வேண்டி விண்ணப்பம் அனுப்ப நம் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளோம். நேயர்கள் வந்து துணை நிற்க வேண்டுகின்றோம்.

அதற்குமுன் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் காப்பீட்டு அட்டையை எடுத்து, அதிலுள்ள பெயர்களை வீட்டார் அனைவரும் கேட்க உரக்கப் படியுங்கள். விடுபட்ட பெயர் இருந்தால், விதி இடங்கொடுக்குமாயின், திங்கட்கிழமையே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். புதிய கட்டத்தின் ஆணைகளையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் சொன்ன தாயார் இப்போது கோல் ஊன்றி நடக்கின்றார். மூத்தவர் அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தத் தைப்பொங்கலுக்குச் சகோதரர் இருவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர் என்று கேள்விப்பட்டோம். வளையல் மட்டும் இன்னும் மீளவில்லை.