மிஞ்சியது நமக்கு!

சென்ற மாதம் மாம்பலத்தில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் மணி இரண்டரை. அம்மாள் சமையலறையில் நின்றபடியே, சாதப் பாத்திரத்தில் மோரை விட்டுப் பிசைந்து அதிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்!

"தட்டு இல்லையாடி?" என்றேன்.

"தனியாளுக்கு ஒரு தட்டு வேறே தேய்க்கணுமா?" என்று அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"கூட்டு?"

"அவருக்குப் பிடிக்குமேன்னு வழித்துப் போட்டுட்டேன்."

சகோதரிகளே, உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலும் இந்தக் கதைதானே? குழந்தை ஒரு வேளை சாப்பிடாவிட்டால் வீட்டையே இரண்டு படுத்துகிறோம். நாம் சாப்பிட்டோமா என்பது நமக்கே நினைவிருப்பதில்லை.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள் அவள். படபடப்பு, தலைசுற்றல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். "வயசாகிறதோ இல்லையோ" என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். வயது முப்பத்தெட்டு! வற்புறுத்தி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும், அவளுக்கு 9.

இது அவள் ஒருத்தியின் சங்கதியல்ல. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். மாதாமாதம் ரத்தம் போகிறது; பிரசவத்தில் போகிறது; ஈடு செய்ய வேண்டிய சாப்பாடோ, மிஞ்சினால்தான் நமக்கு!

கீரையும் பயறும் நல்லவைதான். எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் அவற்றிலுள்ள இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பி குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். (காப்பியையே விடச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நானும் விடப்போவதில்லை.) ஆனால் 9 கிராமைக் கீரை மட்டும் தூக்கி நிறுத்திவிடாது. டாக்டர் தரும் மாத்திரையைச் சொன்ன நாள் வரை சாப்பிடத்தான் வேண்டும். காரணம் வேறு ஏதாவதா என்றும் அவரே பார்த்துச் சொல்வார்.

சிநேகிதி இப்போது பரிமாறுவதற்கு முன்பே தன் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறாளாம். முதல் நாள் ஏதோ திருடினாற்போல் கை கூசியதாம். கிண்ணத்தைப் பார்த்த மாமியார், "நீயும் எங்களோடயே உட்காரேண்டி" என்றாராம்.

அன்றைக்குக் கூட்டு போதாமல் போனது அவள் கணவருக்கு. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர் சாதத்தை முடித்துவிட்டுப் பேசாமல் ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாராம்.