பதக்கத்துக்குக் கோடி, பஸ்ஸுக்கு உண்டியல்!

ஜெயித்து வந்தால் மாலை, மேளம், காசோலை. ஜெயிக்கப் போவதற்கு? உண்டியல்!

தமிழ்நாட்டில் விளையாட்டுக்குப் பணமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. நிறையவே இருக்கிறது. 2016ல் ரியோ பாராலிம்பிக்கில் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உடனே மாநில அரசு 2 கோடி ரூபாய் அறிவித்தது. 2024 டிசம்பரில் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். 5 கோடி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணிகள் தங்கம் வாங்கின. அந்த அணிகளில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் ஆளுக்கு 25 லட்சம்.

கொடுத்தது தப்பா? இல்லவே இல்லை. அவர்கள் உழைப்புக்கு அது குறைவு என்றுகூடச் சொல்லலாம். கேள்வி அதுவல்ல. மாரியப்பனின் அம்மா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்த வருஷங்களில் இந்தப் பணம் எங்கே இருந்தது? குகேஷின் அப்பா டாக்டர் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு போட்டி போட்டியாக அலைந்தபோது, குடும்ப நண்பர்கள்தானே கை கொடுத்தார்கள்? அப்போது எங்கே இருந்தது?

பதில் எல்லோருக்கும் தெரியும். பதக்கத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தது!

சரி, விஷயத்துக்கு வருவோம். திருவண்ணாமலை மாதிரி ஒரு ஊரில் பையன்களும் பெண்களும் சேர்ந்து ஓடும், கபடி ஆடும் ஒரு சின்ன கிளப்பின் வருஷம் எப்படிப் போகும்? தை பிறந்தால் பொங்கல் விளையாட்டுகள், ஊருக்கு ஊர் ஓட்டப்பந்தயம், மினி மாரத்தான். மாசி, பங்குனியில் பரீட்சை. சித்திரை, வைகாசியில் லீவு விட்டதும் காலையில் பயிற்சி, ராத்திரியில் லைட் போட்டுக் கபடித் தொடர். ஆடியில் திருவிழாப் போட்டிகள். அப்புறம் பள்ளிக்கூடக் குறுவட்டம், மாவட்டம், தாண்டினால் மாநிலம். ஐப்பசி மழையில் மைதானம் குளமாகிவிடும். கார்த்திகையில் தீபம்.

இந்த வருஷத்தில் பாதி நாள் விளையாட்டு. மீதிப் பாதி வசூல். பெரும்பாலும் ஒரே ஆள்தான் இரண்டையும் பார்ப்பார். பி.டி. வாத்தியாராக இருப்பார், அல்லது பழைய ஆட்டக்காரர் ஒருவர், பகலில் ஏதோ ஒரு கடையில் வேலை பார்ப்பவர். சம்பளம் கிடையாது. பெண் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போக ஒரு அம்மா கூட வருவார். அவருக்கும் கிடையாது, அன்றைய கூலியும் போச்சு. கணக்கில் வராத இந்த உழைப்புதான் தமிழ்நாட்டு விளையாட்டின் உண்மையான முதலீடு. எந்த ஐந்தொகையிலும் அதற்கு ஒரு வரி கிடையாது.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கபடி அணிக்கு களத்தில் 7 பேர், மாற்று 5 பேர், ஆக 12. பயிற்சியாளர் ஒருவர், துணைக்கு ஒரு அம்மா, மொத்தம் 14. வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு பஸ், சாப்பாடு, நுழைவுக் கட்டணம், தங்கல் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 1,000 ரூபாய் என்று வையுங்கள். 14,000 ஆச்சு. வருஷத்துக்கு 6 போட்டி என்றால் 84,000. அவ்வளவுதான்! ஒரு தங்கத்துக்குக் கொடுக்கும் 2 கோடியை இந்த 84,000ஆல் வகுத்தால் 238 வருகிறது. 238 அணிகள் ஒரு வருஷம் முழுக்கக் கடன் வாங்காமல், யார் முன்னாலும் தலை சொறியாமல் ஆடிவிட்டு வரலாம்.

அந்த 14,000 கிடைக்காதபோது என்ன நடக்கிறது? அணி முழுசாகக் கலையாது. மெல்லக் கரையும். யார் வீட்டில் பணம் இருக்கிறதோ அவர்கள் போவார்கள். இல்லாதவர்கள் "உடம்பு சரியில்லை" என்பார்கள். முதலில் நிற்பது பெரும்பாலும் பெண் பிள்ளை. பத்தாவது தாண்டியதும் "போதும் ஆட்டம்" என்று சொல்ல வீட்டில் காரணம் தேடிக்கொண்டு இருப்பார்கள். பஸ் காசு அந்தக் காரணத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. அவள் கார்த்திகாவாக வந்திருப்பாளா என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

இப்போது இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கத் தெரியாத ஊரா இது? பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்து பாருங்கள். சாம்பார் சாதம், தயிர் சாதம், சுண்டல், மோர், பால்... "வாங்க, வாங்கிக்கோங்க" என்று கையைப் பிடித்துக் கொடுப்பார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. பேர் தெரியாதவனுக்குச் சோறு போடுவதில் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தீபத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்போது வழி சொல்ல, தண்ணீர் கொடுக்க, குப்பை அள்ள நிற்கிறவர்களில் எத்தனை பேர் மாணவர்கள்! ஊருக்கு வேலை என்றால் இளைஞர்கள் வேண்டும். அந்த இளைஞர்கள் ஓடுவதற்கு ஒரு ஜோடி ஷூ வேண்டும் என்றால் மட்டும் "தம்பி, அடுத்த மாசம் வாப்பா".

அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளைக்கு ஒரு வேளை முட்டை வாங்கிக் கொடுப்பதும் அன்னதானம்தான் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் கேள்வி.

வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். நார்வே. மக்கள்தொகை சுமார் 56 லட்சம். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டம் மட்டுமே 24 லட்சத்தைத் தாண்டியது. அதாவது இந்த மாவட்டத்தைப் போல இரண்டு பங்கும் கொஞ்சமும்தான் அந்த நாடு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு அவர்கள்தான் முதலிடம். பனி இருக்கிறது, ஜெயிக்கிறார்கள் என்று தோன்றும். பனி ரஷ்யாவிலும் இருக்கிறது, கனடாவிலும் இருக்கிறது.

அவர்களிடம் இருப்பது ஊருக்கு ஊர் பனிச்சறுக்கு கிளப். அதைத் தாங்குவது "துக்னாட்" என்கிற பழக்கம். ஊர் கூடிச் சம்பளமில்லாமல் பொதுவேலை செய்வது. அப்பா பயிற்சி கொடுப்பார், அம்மா போட்டி நாளில் நேரம் குறிப்பார். கிளப்புக்குப் பணம் சேர்க்கப் பிள்ளைகளும் பெற்றோரும் அக்கம்பக்கத்தில் கழிவறைக் காகிதக் கட்டு விற்பார்கள். சிரிக்காதீர்கள், அங்கே அது ரொம்பச் சாதாரணம். ஆக, பணக்கார நாட்டிலும் வசூல் உண்டு, இலவச உழைப்பும் உண்டு. அங்கேயும் பெற்றோர் அலுத்துக்கொள்வது உண்டு.

வித்தியாசம் எங்கே? மூன்று இடத்தில். ஒன்று, 2009 முதல் அரசு லாட்டரி நிறுவனத்தில் பணம் கட்டுகிறவர் அதில் ஒரு பங்கை எந்த உள்ளூர் கிளப்புக்குப் போக வேண்டும் என்று தானே சொல்லலாம். லாட்டரி நல்லதா கெட்டதா என்பது வேறு பஞ்சாயத்து. பணம் நேராகக் கீழே போகிறது என்பதுதான் பாயிண்ட். இரண்டு, சின்னக் குழந்தைகளுக்கு ரேங்க் பட்டியல் போடக் கூடாது என்று விதியே இருக்கிறது. 13 வயதுக்கு முன்னால் தேசிய சாம்பியன் பட்டம் கிடையாது. முதலில் எல்லோரும் விளையாடட்டும், சாம்பியன் அப்புறம் வருவான் என்கிறார்கள். மூன்று, உழைப்பு ஊருடையது, செலவில் ஒரு பங்கு பொதுவுடையது. இங்கே உழைப்பும் வாத்தியாருடையது, செலவும் வாத்தியாருடையது, பதக்கம் வந்தால் மட்டும் எல்லோருடையதும்!

இந்தியாவில் பனி விளையாட்டுக்காரர் கதையும் இதேதான். மணாலியைச் சேர்ந்த சிவ கேசவன் 1998 நகானோ முதல் 2018 வரை 6 குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் பந்தயத்தில் ஓடினார். பயிற்சிக்குத் தடம் இல்லாததால் சறுக்கு வண்டிக்குச் சக்கரம் மாட்டி, லாரிக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவே மலை ரோட்டில் பாய்ந்தார். செலவுக்கு மக்களிடம் கை நீட்டினார். பனியோ செம்மண்ணோ, உண்டியல் ஒன்றுதான்.

"அரசாங்கம் எதுவுமே செய்யவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். செய்திருக்கிறது. 2024ல் முதலமைச்சர் கோப்பைக்குப் பரிசுத் தொகை மட்டும் 37 கோடி. அதே வருஷம் ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள் கொண்ட விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் கவனியுங்கள். பரிசு ஜெயித்தவருக்கு. பந்தும் மட்டையும் ஊராட்சிக்கு. நடுவில் பிள்ளைகளைச் சேர்த்து, காலை 5 மணிக்கு எழுப்பி, பஸ் ஏற்றிக் கூட்டிப் போகிறவருக்கு? எதுவும் இல்லை. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதுவும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான். சென்னைக்கோ மதுரைக்கோ போட்டிக்குப் போகிற பெண்ணுக்கு அது உதவவில்லை.

"கம்பெனிகள் கொடுக்குமே?" என்பார் இன்னொருவர். காமர்ஸ் படிக்கிற எல்லோரும் மனப்பாடம் செய்கிற விஷயம் இது. 2013 கம்பெனிகள் சட்டம், 135வது பிரிவு. நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் கிராமப்புற விளையாட்டுப் பயிற்சி என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. பரீட்சையில் 5 மார்க் கேள்வி. ஆனால் வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செலவு செய்ய, அது பதிவு செய்த அமைப்பாக இருக்க வேண்டும், வரிவிலக்குப் பதிவு வேண்டும், மூன்று வருஷ அனுபவம் காட்ட வேண்டும், 2021 ஏப்ரல் முதல் தனியாக ஒரு படிவம் வேறு. திருட்டைத் தடுக்க இதெல்லாம் தேவைதான். ஆனால் டீக்கடை பெஞ்சில் நடக்கும் கிளப் இதை எப்படித் தாண்டும்? கதவு திறந்திருக்கிறது, படிக்கட்டைத்தான் காணோம்.

கிளப்காரர்களையும் விட்டுவிட முடியாது. வசூல் செய்த பணத்துக்குக் கணக்கு எங்கே? பல இடங்களில் ரசீதுப் புத்தகமே கிடையாது. ஜெர்சி வாங்கும் காசில் பாதி ஃப்ளெக்ஸ் பேனருக்குப் போகிறது, அதில் பிள்ளைகள் முகத்தைவிட அண்ணன் முகம் பெரிசு. இன்னும் மோசம், தெருவுக்கு ஒரு அணி, சாதிக்கு ஒரு அணி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டி 2025ல் வந்த "பைசன்" படத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு வந்து அதே தெரு அணிக்குத்தான் நன்கொடை கொடுக்கிறார்கள். பொது அணியாக இல்லாத கிளப்புக்குப் பொதுப் பணம் கேட்கும் உரிமை கிடையாது.

அப்போ என்னதான் செய்ய வேண்டும்? பெரிசாக ஒன்றும் இல்லை.

1. பதக்கத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பரிசோடும், அந்தப் பிள்ளையை முதலில் களத்தில் இறக்கிவிட்ட கிளப்புக்கோ பள்ளிக்கோ ஒரு தொகை தனியாகப் போக வேண்டும். வீரரின் பணத்திலிருந்து பிடுங்கக் கூடாது, கூடுதலாக.

2. மாவட்ட விளையாட்டு அலுவலரின் கடிதம் இருந்தால், போட்டிக்குப் போகிற அணிக்கு எந்த அரசு பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை என்று ஒரு உத்தரவு.

3. கிளப் நடத்துகிறவர்கள் ஏழு பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். வரவு செலவு எழுத ஆள் வேண்டுமா? ஊரில் காமர்ஸ் காலேஜ் மாணவர்களுக்குப் பஞ்சமே இல்லை. புத்தகத்தில் இல்லாத கம்பெனிக்கு ஐந்தொகை போட்டுப் பழகுவதற்குப் பதில், தெருவில் இருக்கும் கிளப்புக்குப் போடட்டும். மாசம் ஒரு தாள், மைதானத்துச் சுவரில் ஒட்டினால் போதும்.

4. பௌர்ணமி அன்னதானம் செய்கிறவர்கள் வருஷத்தில் ஒரே ஒரு பௌர்ணமியின் செலவை ஒரு அணியின் பஸ்ஸுக்கு எழுதி வைக்கட்டும். 12 பௌர்ணமியில் ஒன்று. அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பதக்கம் வந்த பிறகு தருவது பாராட்டு. வருவதற்கு முன்னால் தருவதுதான் உதவி. மேடையில் நின்று காசோலை நீட்டுகிறவர்கள், அந்தக் கை சின்னதாக இருந்தபோது உண்டியலோடு தங்கள் வாசலுக்கு வந்ததா என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும். வந்திருந்தால், அன்றைக்கு எவ்வளவு போட்டார்கள் என்றும்.