மலைப் பிள்ளை வக்கீலுக்குப் படிக்க எந்தக் கல்லூரி?

ஆடலூர், கீழ்ப்பழனி மலையில் உள்ள ஊர். காப்பியும் மிளகும் விளைகிற பூமி. விருப்பாட்சி மலை வாழைக்கும் பேர் போன பகுதி.

இந்த மலையில் டாக்டருக்கு எவ்வளவு வேலை இருக்கிறதோ, அவ்வளவு வேலை வக்கீலுக்கும் இருக்கிறது. பட்டா தகராறு, வரப்புத் தகராறு, கூலி பாக்கி, காட்டிலாகா கேஸ் என்று எதற்கும் மலையை விட்டு இறங்கித்தான் வக்கீலைத் தேட வேண்டும். பஸ் செலவு ஒரு பக்கம். அன்றைய கூலி போவது இன்னொரு பக்கம்.

பளியர் மக்களை எடுத்துக் கொள்வோம். காட்டில் காலம் காலமாக வாழ்கிறவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்லுகிறது. ஆனால் உரிமை தானாக வீடு தேடி வராது. மனுப் போட வேண்டும். கிராம சபை கூட வேண்டும். அத்தாட்சி காட்ட வேண்டும். இதை எடுத்துச் சொல்ல ஊரிலே ஓர் ஆள் வேண்டாமா?

கொடைக்கானலில் வெப்பமானி தொழிற்சாலை ஒன்று இருந்தது. பாதரசக் கழிவுப் பிரச்சினையால் 2001ல் அது மூடப்பட்டது. பாதரசத்தால் தங்கள் உடம்பு கெட்டது என்று தொழிலாளர்கள் 2006ல் சென்னை ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2016ல்தான் 591 பேருக்குச் சமரசம் ஏற்பட்டது. பத்து ஆண்டுகள்! அத்தனை காலம் வழக்கை விடாமல் நடத்த வக்கீல் வேண்டும்.

ஆகவே, "என் பிள்ளை வக்கீலுக்குப் படிக்க வேண்டும்" என்று ஒரு தோட்டத் தொழிலாளி ஆசைப்பட்டால், அது வீண் ஆசை அல்ல. பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

சென்னை மட்டும் இருந்த காலம்

சென்னையில் சட்டக் கல்லூரி 1891ல் தொடங்கியது. 1974ல் மதுரையில் தொடங்கும் வரை, தமிழ்நாட்டில் அரசாங்கச் சட்டக் கல்லூரி அது ஒன்றுதான். மலை ஊர்ப் பையன் வக்கீலாக வேண்டுமானால் சென்னைக்கு ரெயில் ஏற வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைதான் ஏறினான்.

இப்போது நிலைமை வேறு. திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர்களில் அரசாங்கச் சட்டக் கல்லூரி உண்டு. 2019ல் தேனிக்கும் வந்துவிட்டது. திண்டுக்கல் மாவட்டத்துக்குத்தான் இன்னும் வரவில்லை. அந்தக் குறையை மாவட்டத்துக்காரர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

ஆடலூர்ப் பிள்ளைக்கு அருகில் இருப்பவை மதுரையும் தேனியும். இரண்டில் எது?

மதுரைக்கு ஒரு பலம் உண்டு. ஐகோர்ட்டின் மதுரைக் கிளை 2004ல் அங்கே திறக்கப்பட்டது. திண்டுக்கல் மாவட்ட வழக்குகள் அங்கேதான் போகின்றன. பெரிய வக்கீல்கள் வாதாடுவதை மாணவன் கண்ணால் பார்க்கலாம். சட்டப் படிப்பில் பாதி, பார்த்துத் தெரிந்து கொள்வது. ஆகவே இடம் கிடைத்தால் மதுரையே நல்லது. மதிப்பெண் சற்றுக் குறைந்து தேனிதான் கிடைத்தது என்றால் அழ வேண்டியதில்லை. இரண்டும் சென்னையில் உள்ள டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பட்டம் ஒன்றுதான்.

திருச்சியில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். செலவு லட்சக் கணக்கில் போகும். கெட்டிக்காரப் பிள்ளை எழுதிப் பார்க்கட்டும். ஆனால் அது கிடைக்கவில்லை என்று காட்டை விற்றுத் தனியார் கல்லூரியில் பணம் கட்டுவது புத்திசாலித்தனம் ஆகாது. அரசாங்கச் சட்டக் கல்லூரிகளில் பிளஸ் 2 மதிப்பெண்ணைப் பார்த்தே ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் தருகிறார்கள். கட்டணமும் குறைவு.

சலுகைகளை விடாதீர்கள்

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குச் சட்டப் படிப்பில் 7.5 சதவிகித இட ஒதுக்கீடு உண்டு. 2021ல் வந்த சட்டம் இது. அப்படிப் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022ல் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024ல் வந்தது. விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பிறகு ஓடினால் பயன் இல்லை.

கல்லூரிக் கட்டணத்தைவிடச் சாப்பாடும் தங்கும் இடமும்தான் பெரிய செலவு. மலையிலிருந்து தினமும் மதுரைக்குப் போய் வர முடியாது. ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது விடுதியை. கல்லூரி விடுதியில் இடம் இல்லாவிட்டால் அரசாங்க மாணவர் விடுதிகளைப் பாருங்கள். 2025ல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள்.

ஓர் எச்சரிக்கை. தபால் வழியில் சட்டம் படித்தவர் கோர்ட்டில் வாதாட முடியாது. அதை நம்பிப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் பலர்.

படித்து முடித்த பிறகும் செலவு உண்டு. முன்பு வக்கீலாகப் பதிவு செய்யப் பார் கவுன்சில்கள் ஆயிரக் கணக்கில் வாங்கின. சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஏழை வீட்டுக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ஜூனியர் வக்கீலாக இருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கஷ்டமானவை. சீனியர் கொடுப்பது பஸ்ஸுக்கும் டீக்கும் போய்விடும். வீட்டார் அதற்கும் சேர்த்துத் தயாராக வேண்டும்.

பழைய புத்தகக் கடையில் வாங்கினால் மிச்சம்தான். ஆனால் பார்த்து வாங்க வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம் 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்தது. குற்ற நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அன்றே மாறிவிட்டன. அந்த மூன்றுக்கும் புதுப் புத்தகமே வாங்குங்கள். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. அதற்கு அண்ணன் படித்த புத்தகமே போதும்.